மெய்யும் மருந்தும்

தமிழில் மருந்து என்னும் சொல் பிணி தீர்க்கும் பொருளுக்குப் பெயராதல் யாவரும் அறிந்தது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்னும் ஊர்களை அடுத்த கரிசல் நாட்டில் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் வழங்குகின்றது. அங்கே பட்டாசு செய்வோர் வெடித்தற்குரிய கலவையை மருந்து என்றே கூறுவர். மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல், மருந்தறை, மணிமருந்து என்பன அவர்தம் அன்றாடப் பேச்சு. வெடிமருந்து என்னும் தொடரில் முன்மொழி தேய்ந்து பின்மொழி மட்டும் நின்றது என்று கூறி இதனை அமைக்கலாம். ஆயினும், உயிரைக் காப்பதும் உயிரைப் போக்குவதும் ஒரு சொல்லால் வழங்கப்படுதலை அவ்வளவில் விட்டுவிடுதல் சாலாது. பொருளளவிலும் அவ்விரண்டற்கும் நெருங்கிய உறவு உண்டு.

கருமருந்து எனப்படுவது மூன்று பொருளாலாயது. நூறு பங்கில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வரும் அளவு. இம்மூன்றும் மருத்துவர் பெட்டியிலும் உள்ளனவே. சித்த மருத்துவர் வெடியுப்பைச் சுத்தி செய்து நீரடைப்புக்குக் கொடுப்பர். கந்தகத்தைத் தோல் நோய்களுக்கு ஆள்வர். நஞ்சருந்தினார் குடலில் நின்ற நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் என்பது பற்றி, பக்குவப்படுத்திய கரியை ஆங்கில மருத்துவரும் கொடுக்கின்றனர். தனித்தனியே நோய் தீர்ப்பனவாகிய இவை மூன்றும் அளவறிந்து கூட்டப்பட்டுழிப் பாறையைப் பிளக்கின்றன. மேல்நாட்டிலும் இதற்கு ஒப்பு உண்டு. ஆல்பிரட் நோபெல் என்பார் 1867-ஆம் ஆண்டில் டைனமைட்டாக ஆக்கிய நைட்ரோகிளிசரின் என்னும் எண்ணெயையே, மிகச் சிற்றளவில் நெஞ்சடைப்பு வலிக்குக் கொடுக்கலாம் என்று 1879-இல் லண்டன் மருத்துவராகிய வில்லியம் மரல் எழுதினார். நோபெலுடைய இறுதிக் காலத்தில் அவருக்கே மருத்துவர் அதனை விதித்தனர்.

இவற்றால் அறியப்படுவது யாது? பருப்பொருளில் நன்மை தீமை என்பன முத்திரையிட்டு வைக்கப்பட்டில. சேர்க்கை, அளவு, இடம், ஆள்வோன் என்னும் இவற்றால் அதன் பயன் வேறுபடும் என்பதே. சைவ சித்தாந்தம் மாயையைப் பற்றிக் கூறுவதும் இதுவே. மாயை உள்பொருள், சடம், தானே ஒன்றைச் செய்யாது, செய்விப்பாரைப் பெற்றுழிப் பல்வேறு காரியமாய் விரியும். உயிர்க்கு அது பகையும் அன்று; இயல்பாய உறவும் அன்று.

வெடியோசையும் வெம்மையும் ஒளியும், திரியில் தீயிடுதற்கு முன் எங்கே இருந்தன? இல்லாதன தோன்றின என்பார் அசற்காரியவாதியர். இல்லது தோன்றுமாயின் மணலிலிருந்தும் எண்ணெய் வரல் வேண்டும். தவிட்டை நிறைத்த குழலும் வெடித்தல் வேண்டும். அங்ஙனம் நிகழாமையின், காரியம் காரணத்துள் சத்தி வடிவாய் அடங்கியிருந்ததே வெளிப்பட்டது என்பது சற்காரியவாதம். விறகினுள் தீயையும் பாலினுள் நெய்யையும் திருநாவுக்கரசு சுவாமிகள் எடுத்தருளியது இறைவன் கரந்து நிற்கும் நிலையை உணர்த்துதற்கே யாயினும், அவ்வுவமைகள் பொருந்துதற்கு அடிப்படையாய் நிற்பது இக்கொள்கை. வெடியுப்பினுள் பிராணவாயு செறிந்து கட்டுண்டு கிடக்கின்றது. அடுப்பிலிட்ட கரி வெளிக்காற்றை வாங்கி மெல்ல எரியும். கருமருந்திலுள்ள கரியோ பக்கத்திலிருக்கும் உப்பினின்றே பிராணவாயுவைப் பெறுதலின், காற்றுப் புகாது சுற்றிக் கட்டிய காகிதக் கூட்டினுள்ளும் நொடியில் எரிந்து முடிகின்றது. பிறந்த ஆவி, கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுகின்றது. இதுவே வெடி.

வெடித்தபின் மருந்து அழிந்தொழிந்ததோ எனின், அன்று. கருமருந்தின் எடையில் பாதிக்குச் சிறிது மேற்பட்ட பங்கு நுண்டுகளாய்ப் புகையொடு கலக்கின்றது, எஞ்சியது ஆவியாகின்றது. கூட்டிப் பார்ப்பின் எடை குறையாது. இதனை 1789-இல் வெளியிட்ட தம் நூலில் வரையறுத்துக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞராகிய லவாசியே. அழிவென்பது உள்ளது காரணத்தில் ஒடுங்குதலே என்று கொண்ட சைவர்க்கு இது வியப்பாகாது. ஆயினும் லவாசியே வரலாற்றில் மற்றொரு செய்தி உண்டு. அது சிவகாசிக்கு மிக அண்ணியது. அவர் 1775 முதல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்துத் துறையை மேற்பார்த்து வந்தார். பெர்த்தொலே என்னும் அறிஞர் கண்ட பொட்டாசியம் குளோரேட்டை வெடியுப்புக்கு மாற்றாகக் கொள்ளலாமோ என்று 1788-இல் எசோன் என்னும் ஊரில் ஆராய்ந்தபோது கலவை வெடித்து இருவர் இறந்தனர். லவாசியேயும் பெர்த்தொலேயும் அன்று அவ்விடத்திருந்தும் உயிர் பிழைத்தனர். பொருள் அழியாது என்று நிறுவியவர் கண்ணெதிரே உடல் அழிந்தது. பொருளின் நிலைபேற்றை அறிதல் வேறு. அப்பொருளாலாய உடலைக் காத்தல் வேறு. இரண்டாவது தனியே கற்கப்படல் வேண்டும்.

அக்குளோரேட்டே இன்று தீக்குச்சியின் தலையில் இருக்கின்றது.

சிவகாசி என்னும் பெயர், காசியினின்று பாண்டியன் ஒருவன் தென்காசிக்கெனக் கொணர்ந்த சிவலிங்கம் வழியில் அங்கே தங்கியமையால் வந்தது என்பர். விசுவநாதரும் விசாலாட்சியம்மையும் எழுந்தருளிய அவ்வூரைச் சூழ்ந்தது வானம் பார்த்த பூமி. மழை குறைவு, வெயில் மிகுதி. உழவு பொய்த்த ஊருக்கு வேறு பிழைப்புத் தேடிய அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923-ஆம் ஆண்டளவில் ஊரில் அதனைத் தொடங்கினர். உழவனுக்குப் பகையாய் நின்ற வறட்சியே இத்தொழிலுக்கு உறவாயிற்று. குச்சியும் மருந்தும் காய்தற்கு ஈரமில்லாக் காற்று வேண்டும். தீப்பெட்டியின் பின் பட்டாசும், அவற்றிற்குச் சீட்டு ஒட்டும் பொருட்டு அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இந்தியாவிற் கொளுத்தப்படும் பட்டாசில் 90 பங்குக்குக் குறையாதது அவ்வட்டாரத்தது என்று கூறப்படுகின்றது. ஒரே காற்று, ஒரே வெயில். பயிர்க்குத் தீது, தீக்கு நன்று. பருப்பொருளின் இயல்பு அறிந்தார்க்கு அதுவே செல்வமாயிற்று.

தீக்குச்சியின் வரலாற்றை ஈண்டுச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். மெய்க்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு அதன்கண் நன்கு விளங்கும். பாஸ்பரஸ் என்னும் பொருளை 1669-இல் முதன்முதற் கண்டவர் ஹாம்பர்க் நகரத்து இரசவாதியாகிய பிராண்ட். அவர் அதனைக் கண்டது சுரங்கத்திலன்று. மனிதர் சிறுநீரைக் காய்ச்சிய பாண்டத்தில். பின்னர் அது எலும்பினின்று எடுக்கப்பட்டது. வளர்ந்த மனிதன் உடலில் முக்கால் கிலோவை ஒட்டிய பாஸ்பரஸ் உண்டு. அதிற் பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும் நிற்கின்றது. ஆகவே, தீப்பெட்டியின் பக்கத்தில் தேய்ப்பதும் நம்மைத் தாங்கி நிறுத்துவதும் ஒரு பொருளே. புறத்து அண்டமும் அகத்துப் பிண்டமும் ஒரு மாயையின் காரியம் என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைத்தல் அரிது.

அப்பாஸ்பரஸ் வெள்ளை, சிவப்பு என இருநிலைப்படும். பொருள் ஒன்றே, அணுக்கள் கோத்து நிற்கும் முறை வேறு. வெள்ளை, காற்றுப்பட்டால் தானே தீப்பற்றும், கொடிய நஞ்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளர், அதன் ஆவியை நாள்தோறும் உட்கொண்டு தாடையெலும்பு அழுகி மாண்டனர். எலும்பிற் பிறந்த பொருள் எலும்பையே தின்றது. 1888-இல் லண்டன் நகரத்துத் தீக்குச்சி ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறியபோது அவர்தம் துயரங்களுள் இந்நோயும் ஒன்று. 1906-இல் பெர்ன் நகரில் பல நாட்டார் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்க உடன்பட்டனர். இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விலக்கிற்று. சிவகாசித் தொழில் அதன்பின் பத்தாண்டு கழித்தே தோன்றியதாகலின், அவ்வூரார் அக்கொடுமையினின்று தப்பினர். எங்கோ ஒரு நாட்டில் எழுதப்பட்ட உடன்படிக்கை, சாத்தூர்ப் பெண்ணின் தாடையைக் காத்தது.

சிவப்புப் பாஸ்பரஸ் அத்துணை நஞ்சன்று. 1845-இல் ஷ்ரோட்டர் என்பார் அதன் இயல்பை விளக்கினார். சுவீடன் நாட்டாராகிய பாஷ், லண்ட்ஸ்ட்ரோம் முதலியோர் ஒரு நுட்பம் செய்தனர்: தீக்கு வேண்டும் இரு பொருள்களைப் பிரித்து, குளோரேட்டைக் குச்சியின் தலையிலும் சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்தனர். இரண்டும் தனித்து நிற்குங்காறும் தீ இல்லை. ஒருவன் கை அவற்றை உரசுவித்தபோதே தீ. முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என்னும் மூன்றையும் மாணாக்கர்க்கு உணர்த்துதற்கு மண்ணும் திரிகையும் குயவனும் காட்டுதல் மரபு; குயவர் தெரு காணாத இக்காலத்துப் பிள்ளைகட்குத் தீப்பெட்டியைக் காட்டினும் அமையும். தலையும் பக்கமும் முதல், உரசல் துணை, உரசுவோன் நிமித்தம். பாதுகாப்பு என்பது நிமித்தகாரணன் இசைவின்றி முதலும் துணையும் கூடாவாறு செய்தலேயாம்.

இனி, இக்கட்டுரை எடுத்துக்கொண்ட முதன்மைப் பொருளுக்கு வருவோம்.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து நாற்பதையொட்டிய உயிர்கள் மாண்டன. மாண்டாருட் பலர் அவ்வாலைத் தொழிலாளரல்லர். முதலிற் புகையைக் கண்டு உதவச் சென்றோரும் பார்க்கச் சென்றோருமாவர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இவற்றிற்கு முன்னும் பின்னும் சிறியனவும் பெரியனவுமாகப் பல நிகழ்ந்தன. ஒவ்வொன்றன் பின்னும் அழுகைக்கு நடுவே கேட்கப்படும் சொல் ஒன்று உண்டு: விதி. அழுவார் அதனைக் கூறுதல் ஆறுதலின் பொருட்டு. அவரைக் குறை கூறற்க. ஆலைக்கு உடையாரும், அதனை மேற்பார்க்கக் கடமைப்பட்டாரும், சாத்திரம் கற்ற சைவருங்கூட அச்சொல்லைக் கூறி அமைவராயின், அது சித்தாந்தம் ஆகுமோ என்று ஆராய்தல் கடன்.

பெறுதல், இழத்தல், இன்புறுதல், பிணியுறுதல், மூத்தல், இறத்தல் என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சிவஞான சித்தியார் கூறுகின்றதே. ஆகவே இறந்தார் தம் வினையால் இறந்தார். வேறு ஆராய்ச்சி எற்றுக்கு என்பது தடை. விடை வருமாறு: அந்நூல் பிராரத்தத்தை மட்டும் கூறி நின்றதன்று. இப்பிறப்பிற் செய்வன ஆகாமியமாய் மேலைப் பிறப்புக்கு வித்தாம் என்பதும் அதற்கு உடன்பாடே. இறந்தவன் நுகர்ந்தது அவன் பிராரத்தம் என்று கொள்ளினும், பத்துப் பேர் இருக்கற்பாலதல்லாத அறையில் பத்துப் பேரை இருத்தியவன் செய்தது அவனது ஆகாமியமன்றோ? ஒருவன் வினை நுகரப்பட்டமை மற்றொருவன் வினையைக் கழுவாது. விதி என்னும் சொல்லை இறந்தார் மேல் ஏற்றி இருந்தார் தப்புதற்குச் சித்தாந்தத்தில் வழியில்லை.

இன்னும் ஒன்று. வினை சடமாதலின் தானே வந்து பொருந்தமாட்டாது. இறைவன் ஆணையாற் கூட்டப்படும். கூட்டப்படுங்கால் யாதானும் ஒரு வாயில் பற்றியே வரும். அவ்வாயிலை மூவகைப்படுத்திச் சைவநூல் உரைகள் கூறும். பிறப்பு, மூப்பு முதலியனவாய்த் தெய்வ நியதியால் வருவது ஆதிதைவிகம். இடி, வெள்ளம், தீ எனப் பூதங்களால் வருவது ஆதிபௌதிகம். தன்னாலும் பிற உயிர்களாலும் வருவது ஆதியான்மிகம். பட்டாசு ஆலையில் வரும் சாக்காட்டை ஆதிபௌதிகம் என்றே பலரும் கொள்வர், தீயால் வந்தமையின். நுணுகி நோக்கின் அதிற் பெரும்பங்கு ஆதியான்மிகம் என்பது புலனாகும். தீ ஆண்டுக் கருவி மாத்திரையே. அளவுக்கு மிஞ்சி மருந்தைக் குவித்ததும், உரிமம் பெற்றவன் தன் அறைகளைப் பலருக்குப் பகுத்து உள்குத்தகைக்கு விடுவதும், தீபாவளி அணுகியமையின் மரத்தடியிலும் வேலை செய்விப்பதும் உயிர்களின் செயல். பூதத்தின் மேற் பழியை ஏற்றுதல் பொருந்தாது. பூதத்துக்குப் பேராசை இல்லை.

அற்றேல், வினைவழி வருவதனைத் தடுக்க முயலுதல் திருவுள்ளத்துக்கு மாறாகாதோ எனின், ஆகாது. திருஞானசம்பந்த சுவாமிகள் கொடிமாடச் செங்குன்றூருக்கு எழுந்தருளியபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. அஃது அந்நாட்டியல்பு என்று அடியார் கூறினர். சுவாமிகள், வினை நுகர்ந்து கழிக என்று வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளி அச்சுரத்தை அடியார்க்கேயன்றி நாட்டார்க்கும் நீக்கினார். நோய் வினையால் வந்தது என்று கொண்டவரே அதனைத் தீர்த்தும் அருளினார். வினைக்கொள்கை முயற்சியைத் தடுப்பதாயின் அப்பதிகம் பிறவாது.

உலகாயதனும் மாயாவாதியும் இவ்விடத்தில் ஒரு பக்கம் நிற்கின்றனர் என்பது வேடிக்கை. உடலே உயிர், பூதக் கூட்டம் பிரிந்தால் ஒன்றும் எஞ்சாது என்பான் உலகாயதன். அவனுக்கு உடல், விலை மதித்து இழப்பீடு கொடுத்துத் தீர்க்கத்தக்க சரக்கு. உடலும் உலகும் தோற்ற மாத்திரை. உண்மையில் இல்லை என்பான் மாயாவாதி. அவன் கூற்றை அவ்வாறே கொள்வார்க்கு, இல்லாத உடல் இல்லாத தீயில் எரிந்ததற்கு இரங்குதல் வீண். சித்தாந்தி இருவரையும் மறுத்து, உடல் உள்பொருளின் காரியம், ஆயின் உயிரன்று. உயிர்க்கு இறைவன் கொடுத்த கருவி என்பான். ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த உயிர்க்குப் பொழுது புலருங்காறும் உதவும் விளக்காக மாயையை உமாபதி சிவாசாரியார் கூறினார். ஆடையொலிப்போன் அழுக்கைப் போக்குதற்குச் சாணியும் உவரும் சேர்ப்பதுபோல, இறைவன் மலத்தைக் கழுவ மாயேயமாகிய உடலைச் சேர்த்தான் என்பர் அருணந்தி சிவாசாரியார். வெளுக்குமுன் உவரைக் கொட்டிக் கவிழ்த்தல் ஆடைக்கு நன்றன்று. உடலை முன்னர் இழிவென்று கருதிப் பின்னர் அதனுள் இறைவன் கோயில் கொண்டமை கண்டு ஓம்பியவர் திருமூலர். விருதுநகர் மாவட்டத்திலேயே, சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய திருச்சுழியலில் இறைவன் பெயர் திருமேனிநாதர்.

மெய் என்னும் சொல்லும் ஈண்டு நினைக்கத்தகும். உண்மைக்கும் அது பெயர். உடலுக்கும் அது பெயர். ஒற்றெழுத்துக்கும் அதுவே பெயர். உயிரெழுத்தின்றி மெய்யெழுத்து இயங்காது. இயங்காமை பற்றி அதனை எழுத்தன்று என்று இலக்கணிகள் தள்ளினாருமல்லர். மெய், வாய், கண், மூக்கு, செவி என ஐம்பொறியை எண்ணுமிடத்து அது தோலாகிய துவக்கைக் குறிக்கும். தீப்புண் பட்டார்க்கு முதலிற் கெடுவது அம்மெய்யே.

தோல் ஊறு உணரும் பொறி மாத்திரமன்று. உடலின் நீரை உள்ளே நிறுத்தும் கரையுமாகும். வளர்ந்தவன் உடற்பரப்பை மருத்துவர் ஒன்பது ஒன்பதாகப் பகுப்பர்: தலை 9, கை ஒவ்வொன்றும் 9, கால் ஒவ்வொன்றும் 18, மார்பும் வயிறும் சேர்ந்த முன்புறம் 18, முதுகுப்புறம் 18, எஞ்சியது 1. எரிந்த பரப்பு மிகுந்தோறும் கரை உடைந்த ஏரிபோல உடல்நீரும் உப்பும் வெளியேறும். குருதி குறைந்து உறுப்புகள் தளரும். முதல் நாளில் நீர் ஏற்றுதல் உயிர் காத்தற்கு இன்றியமையாதது இதனாலேயே. அந்நாள் தப்பினார்க்குப் பின்னாளில் கிருமியால் இடையூறு. தீப்புண்ணின்மேல் மை, மாவு, நெய், பற்பசை பூசும் வழக்கம் இன்னும் நாட்டில் ஒழிந்திலது. அது வெம்மையை உள்ளே அடக்கிக் கிருமிக்கும் இடந்தரும். தூய தண்ணீரை இருபது நிமிடம் அதன்மேல் ஓடவிட்டு, தூய துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டு செல்லுதலே தக்கது. ஐம்பூதங்களுள் தீயை நீர் அவிக்கும் என்பது உண்மை விளக்கம் ஓதாதவர்க்கும் தெரியும், செயலில் மறந்துவிடுகின்றனர்.

ஆலையினுள் தீ பிறக்கும் வாயில்களும் சிலவே. மருந்தை அழுத்திச் செலுத்துங்கால் உரசல் ஒன்று. இரும்புக் கருவி கல்லிற் பட்டெழும் பொறி ஒன்று. அது பற்றியே பித்தளை, மரம் முதலியவற்றாற் செய்த கருவிகள் விதிக்கப்பட்டன. வறண்ட காற்றில், நைலான் முதலிய செயற்கை நூலாடை உடலில் தேய்ந்து பிறக்கும் மின்பொறி கண்ணுக்குத் தோன்றாமலே மருந்தைப் பற்றுவிக்கும். பருத்தியுடையும், அறை வாயிலில் கைவைத்து மின்னை நிலத்திற்கு இறக்கும் செப்புத்தகடும் அதற்குக் காவல். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் படின், அது புறத்தே தீயின்றியும் உள்ளே புழுங்கிச் சூடேறும். அன்று கலந்ததை அன்றே செலுத்தி முடித்தல் வேண்டும், இரவு வைத்தல் கூடாது என்பது இதனால். குளோரேட்டும் கந்தகமும் ஒருங்கு கலந்த மருந்து சிறிய உரசலுக்கும் வெடிப்பதாகலின் வாணவெடிகளில் அச்சேர்க்கை விலக்கப்பட்டது. இவை யாவற்றினும் மேலானது இடைவெளி. அறைகள் ஒன்றற்கொன்று விலகி நிற்ப, ஒவ்வொன்றிலும் சிலரும் சிறிதளவு மருந்துமே இருப்பின், ஒன்று வெடித்தாலும் மற்றையன பிழைக்கும். 1884-ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்தின் கீழ் 2008-இல் வகுத்த விதிகளுள் ஆட்களின் தொகை, மருந்தின் அளவு, அறைகளின் இடைவெளி என்பனவே பெரும்பகுதி. பேரறிவு வேண்டும் மறைபொருள் ஒன்றும் அவற்றில் இல்லை. மாயேயப் பொருளின் இயல்பு இது என்று அறிந்து அதற்கு அடங்கி ஒழுகுதலே அவற்றின் சாரம்.

உடல் முற்றாத பிள்ளைகளை இத்தொழிலில் ஈடுபடுத்தல் நெடுநாள் நிகழ்ந்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைச் சிறார் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல், இடர்த்தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அமர்த்தியவர் 20,000 ரூபாய் செலுத்துக என்று தீர்ப்பளித்தது. கருவி அமையுமுன் அதனைத் தேய்த்துவிடுதல் எத்தொழிற்கும் ஆகாது.

வெடிப்பாரைப் போலவே கேட்பாரும் மெய்யுடையர். பச்சை ஒளிக்குப் பேரியம் உப்பும், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியமும், நீலத்துக்குச் செம்பும், மஞ்சளுக்குச் சோடியமும் ஆள்வர். இவற்றுட் பேரியத்தின் இயல்பு முன்னர்க் கூறிய பாஸ்பரஸை ஒத்தது. நீரிற் கரையும் பேரியம் உப்புத் தசையையும் நெஞ்சையும் தளர்த்தும் நஞ்சு; கரையாத பேரியம் சல்பேட்டையோ, குடலை ஊடுகதிராற் படம் பிடித்தற்பொருட்டு நோயாளியைக் குடிப்பிக்கின்றனர். ஒன்றன் சேர்க்கையால் நஞ்சும் மருந்தும் ஆதலுக்கு இதுவும் காட்டு. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பையும், கோவையாகக் கட்டும் சரவெடியையும் விலக்கி, புகையும் மாசும் குறைந்த வகையையே செய்க என்றது. ஊரார் பலர் பிழைப்புக் கெட்டது என்று வருந்தினர், அவ்வருத்தம் மெய்யானது. நகரத்துக் குழந்தையின் மூச்சும் மெய்யானதே. இரண்டையும் ஒருங்கு நோக்கி மருந்தின் கூட்டை மாற்ற முயலுதலே அறிவு நூலின் பணி. வெள்ளைப் பாஸ்பரஸைத் தள்ளிச் சிவப்பைக் கொண்டபோது தீப்பெட்டித் தொழில் அழிந்ததில்லை. சிவகாசி அதன்பின்னரே பிறந்தது.

திருக்கோயில்களில் விழாக்காலத்து வாணவேடிக்கை நிகழ்த்தும் வழக்கம் உண்டு. 2016 ஏப்ரல் 10-இல் கேரளத்துக் கொல்லம் மாவட்டத்துப் பரவூர்ப் புற்றிங்கல் தேவி கோயிலில், வேடிக்கைக்கெனக் குவித்த வெடிகள் தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இறைவன் திருமுன் நிகழும் வேட்டுக்கு நிமித்தகாரணர் யாவர் என்னும் வினா, திரி கொளுத்தியவனோடு நிற்பதன்று. வாங்கிக் கொடுத்த அறங்காவலரையும் உபயகாரரையும் அது சாரும். அருச்சனைக்கு ஒரு பூவைக் கொள்ளுங்கால், அது எங்கே பூத்தது, எப்போது பறித்தது, யார் கையால் வந்தது என்று ஆராய்ந்தே சாத்துதல் சைவ மரபு. வாணத்துக்கும் அவ்வாராய்ச்சி வேண்டும். உரிமம் பெற்ற ஆலையில், விலகி நிற்கும் அறைகளில், அளவறிந்து கலந்து செய்த வாணத்துக்கு, வீட்டுத் திண்ணையில் ஒளித்துச் செய்ததைவிட விலை சிறிது மிகும். அம்மிகை, அறைக்கும் அறைக்கும் இடையே விட்ட நிலத்துக்கும், செப்புத்தகட்டுக்கும், ஓரறையிற் பத்துப் பேர்க்கு மாறாகச் சிலரே இருந்து செய்த நேரத்துக்கும் உரிய விலையாதலின், விழாச் செலவுக் கணக்கில் அதனைக் குறைக்கத்தக்க வகையாக எழுதுதல் கூடாது.